ஓடைக்கு எந்தப் பக்கம்

மலையைப் பேனாவால் ஏறியிருக்கிறீர்களா? நான் ஏறியிருக்கிறேன். காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடி அறை. கண்ணாடி மேசைக்கு அடியில் குழல்விளக்கு எரியும். அதன்மேல் மூல வரைபடத்தை விரித்து, அதற்குமேல் டிரேசிங் ஃபிலிமை ஒட்டிவிட்டுக் குனிந்தால், வெளியே பெங்களூர் என்று ஓர் ஊர் இருப்பதே மறந்துபோகும். மலையின் உயரத்தைக் காட்டும் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து கிடக்கும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு என் பேனா கிளம்பும். மேலே ஏறாது, கீழே இறங்காது. அதே உயரத்தில் பள்ளத்துக்குள் நுழைந்து, மேட்டைச் சுற்றி, மறுபடி ஒரு பள்ளத்துக்குள் நுழைந்து, காலையில் புறப்பட்ட இடத்துக்கே மத்தியானம் வந்து சேரும். நடுவில் நின்றால் மை தேங்கிவிடும். மூச்சை வேகமாக விட்டால் கோடு நடுங்கும். அதனால் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன்.

யாராவது கூப்பிட்டால் காதில் விழாது. "மேடம் மலைக்குப் போயிட்டாங்கப்பா, டீ ஆறிப்போவுது" என்று பக்கத்து மேசையில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டுமே! சோற்றுக்காகப் பார்க்கிற வேலையில் இப்படி ஒரு மயக்கம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? மழை பெய்தால் ஓட்டுக்கூரையின் சத்தமும், பின்தெரு சர்ச்சின் மணியும், ஸ்கூட்டர் உதைக்கிற சத்தமும் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்பதாகத் தோன்றும். நான் என் மலையில் இருப்பேன். சாயங்காலம் எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போய், நிஜமாகவே இறங்கி வந்தவள் மாதிரி தள்ளாடுவேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கீழறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து உறைபோட்டு உட்கார்ந்திருந்தாலும் அவசர வேலை எங்கள் கைக்குத்தான் வரும். அப்படி வந்ததுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் வேலை. குஜராத் பக்கம் ஆரம்பித்து நாட்டின் தெற்குக் கோடி வரை போகிற அந்த மலைத்தொடரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கலாமா வேண்டாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. சேர்ப்பதென்றால் எது உள்ளே எது வெளியே என்று எல்லை போட்டாக வேண்டும். கர்நாடகப் பகுதியின் சில தாள்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தன. மலையைக் கறுப்பு மையிலும் எல்லையைச் சிவப்பு மையிலும் நான்தான் வரைந்தேன்.

பேச்சு என்றேனே, அது பேச்சா? கூச்சல். காலையில் பேப்பரைத் திறந்தால் ஒருவர், "உலகத்தில் வேறெங்கும் இல்லாத மலை, பட்டியலில் சேர்த்தால்தான் பிழைக்கும்" என்பார். அடுத்த பக்கத்தில் இன்னொருவர், "எங்க மலையைக் காப்பாத்த எங்களுக்குத் தெரியாதா? நாளைக்கு ஒரு ரோடு போடணும்னா வெளிநாட்டுக்காரன்கிட்ட கைகட்டி நிக்கணுமா?" என்று எகிறுவார். இந்த மாதம் வேண்டாம் என்ற தலைவர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். நான் ஜோகுபாளையத்திலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில்கூட மலையைப் பற்றித்தான் சண்டை. நான் வாயைத் திறக்க மாட்டேன். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரத்தின்போது, பஸ்ஸில் தமிழ் பேசாமல் வாயை மூடிக்கொண்டு போகப் பழகியவள் நான். அந்தப் பழக்கம் பிறகும் போகவில்லை.

இந்தச் சண்டையெல்லாம் என் மேசைக்கு வரும்போது பிளேடாக வந்து சேரும். எல்லையை மாற்றச் சொல்லிக் கடிதம் வந்தால், போட்ட சிவப்புக் கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். போன வாரம் பாரம்பரியமாக இருந்த காடு இந்த வாரம் வெறும் காடாகிவிடும். அடுத்த வாரம் திரும்பப் பாரம்பரியம். ஒரே இடத்தை மூன்று முறை சுரண்டினால் ஃபிலிமில் வெள்ளையாகப் புகை படர்ந்துவிடும். மலையில் மூடுபனி இறங்கியிருக்கிறது என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். பைத்தியம்தான், வேறென்ன?

இதில் சிரிக்க என்ன இருந்தது? நானே அந்த மலைகளில் பிறந்தவள். ஒரு காப்பித் தோட்டத்தில், லைன் வீட்டில். வேலையாட்களுக்காக ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகளை லைன் என்பார்கள். எங்கள் லைனில் பன்னிரண்டு வீடுகள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் போனவர்கள் நாங்கள். அம்மா இறந்தபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினாலு. அக்கா அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கப் போனாள். என்னை ஜோகுபாளையத்தில் இருந்த சித்தி வீட்டுக்குப் படிக்க அனுப்பினாள். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. "பாப்பா படிக்கட்டும்ப்பா, அவ வேலையையும் சேத்து நானே செய்றேன்" என்று அவரோடு சண்டை போட்டு என்னை பஸ் ஏற்றியவள் அவள்தான்.

அதன் பிறகு நான் அங்கே போனது ஒரே ஒரு முறை, அப்பாவின் சாவுக்கு. கொட்டுகிற மழையில் போய், குடைக்கு அடியில் நின்று அழுதுவிட்டு மறுநாளே திரும்பிவிட்டேன். அக்காவின் கல்யாணம்கூட ஜோகுபாளையத்தில் சித்தி வீட்டு வாசலில்தான் நடந்தது. அவள்தான் வருஷத்துக்கு ஒரு தரம் என்னைப் பார்க்க வருவாள். நான் போகவில்லை. லீவு இல்லை, மழை, உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்வேன்.

காரணம் வேறு. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் பெரிய டிராஃப்ட்ஸ்மேன், "சொந்த ஊர் எதும்மா?" என்று கேட்டார். காக்ஸ் டவுன் தமிழ்க் கிறிஸ்தவர், மெல்லப் பேசுகிற மனிதர். "மலையில எஸ்டேட் சார்" என்றேன். "ஓ, காப்பி எஸ்டேட்டா!" என்று புருவத்தை உயர்த்தினார். மத்தியானத்துக்குள் அலுவலகம் முழுக்க நான் எஸ்டேட் முதலாளி வீட்டுப் பெண்ணாகிவிட்டேன். இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. அக்கா யாரிடமாவது காப்பித்தூள் கொடுத்தனுப்பினால் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுப்பேன். "சொந்தத் தோட்டத்துக் காப்பின்னா சும்மாவா!" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன், வெட்கங்கெட்டவள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா தோட்டத்துக் கடையிலிருந்து போன் செய்தாள். வழக்கமாக, "நல்லா இருக்கியா, சாப்ட்டியா" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"பாப்பா, இந்த மலைக்கு ஏதோ பட்டியலு போடறாங்களாமே, அதுக்குப் படம் போடறது உங்க ஆபீஸாமே?"

"யாரு சொன்னா?"

"போன தரம் வந்தப்ப நீதானடி சொன்ன, மலை எல்லாம் வரையறேன்னு! கேளு. ரேஷன் கடையில நோட்டீஸு ஒட்டியிருக்கான். கோட்டுக்கு உள்ள குடியிருக்கறவங்க எல்லாம் பேரு குடுக்கணுமாம். குடுத்தா, நாளைக்கு வீட்ட விட்டு எழுப்பற மாதிரி வந்தாலும் வேற எடம் குடுப்பாங்களாம். ஆனா ரைட்டரு வேற மாதிரி சொல்றாரு. பேரு குடுத்தா நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரியாம், மொதல்ல எங்களத்தான் எழுப்புவானாம்."

ரைட்டர் என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, முதலாளியின் ஆள்.

"சரிக்கா, அதுக்கு இப்ப நான் என்ன பண்ணணும்?"

"நம்ம லைனு கோட்டுக்கு உள்ளயா வெளியயா, அத மட்டும் பாத்துச் சொல்லு. உள்ளன்னா யாரு என்ன சொன்னாலும் பன்னெண்டு வீட்டுக்காரங்களும் போயி பேரு குடுத்துடறோம். வெளியன்னா நமக்கெதுக்கு வம்பு? மாமாவுக்கு வயசாயிடுச்சு பாப்பா. வேலை நின்னா சாவ்காரு வீட்ட விட்டுப் போகச் சொல்லிடுவாரு. ஒரு எடம் கெடைச்சா அதுல கூரை போட்டுக்கினு கெடப்போம்."

சாவ்கார் என்பது அங்கே முதலாளிக்குப் பெயர். "அடுத்த ஞாயிறு பண்ணு, பாத்துச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். ரொம்பச் சின்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை எங்கள் தோட்டம் எந்தத் தாளில் வருகிறது என்று தேடினேன். தாளில் அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர். நாங்கள் பாறைத் தோட்டம் என்றுதான் சொல்வோம். அதனால் பெயரை வைத்து அடையாளம் தெரியவே இல்லை, பக்கத்து ஊர்களின் பெயர்களை வைத்துத்தான் தாளைப் பிடித்தேன். எடுத்து விரித்தால், ஐயோ, நான் ஏற்கெனவே வரைந்து முடித்த தாள்! இரண்டு வாரம் அதன்மேல் குனிந்து கிடந்திருக்கிறேன். நான் பிறந்த மலையைக் கோடு கோடாகச் சுற்றியிருக்கிறேன், அது யார் மலை என்று தெரியாமல்.

சரி, இப்போதாவது பார்ப்போம் என்று விளக்கைப் போட்டேன். பங்களா இருந்தது. காப்பி காயப்போடும் களம், பம்பு வீடு, பழத்தோலை உரிக்கிற ஆலை, தபாலாபீஸ் எல்லாம் இருந்தன. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரையின் கல்லறைக்குச் சின்னதாக ஒரு சிலுவைகூட இருந்தது. அந்தச் சிலுவையை நான்தான் போட்டிருந்தேன். எங்கள் லைன் இல்லை. பன்னிரண்டு வீட்டில் ஒரு வீடும் இல்லை. மூலத் தாளைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. சுருக்கி வரைந்த பழைய தாள் அது. தோட்டத்துக்கு ஒரு பெயரை எழுதி, அந்தப் பெயருக்குள்ளேயே எல்லாரையும் அடக்கிவிட்டிருந்தார்கள்.

சிவப்புக் கோடு அந்த இடத்தில் ஓடையோடு போனது. நான் போட்டதுதான். ஓடைக்கு மேற்கே எல்லாம் பட்டியலுக்குள், கிழக்கே எல்லாம் வெளியே. எங்கள் லைனும் அந்த ஓடையின் ஓரத்தில்தான் இருந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அது நன்றாக ஞாபகம் இருந்தது. எந்தக் கரையில்?

கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். வாசலில் இறங்குகிறேன். ஈரக்கல். செத்தை எரிகிற புகை வாசம். அக்கா என் கையைப் பிடித்திருக்கிறாள். அவள் கை சொரசொரவென்று இருக்கிறது. ஓடை இடது பக்கம் போகிறது. சூரியன் மரங்களுக்குள்ளிருந்து கீற்றாக விழுகிறது. இல்லையில்லை, ஓடை வலது பக்கம். பள்ளிக்கூடம் போகிறோமா, திரும்பி வருகிறோமா? மூங்கில் பாலம் ஒன்று வருகிறது. அதில் நடக்கப் பயந்து அழுகிறேன், அக்கா என்னைத் தூக்கிக்கொள்கிறாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடா, இந்தப் பக்கம் வீடா? அவள் தோளில் முகத்தைப் புதைத்திருக்கிறேன். பாதையைப் பார்த்தவள் அவள், நான் அவள் ஜாக்கெட்டின் ஊக்கைத்தான் பார்த்தேன். அந்த ஊக்கில் இருந்த துருகூட ஞாபகம் இருக்கிறது. வீடு எந்தக் கரையில் என்பது இல்லை. அப்பாவின் சாவுக்குப் போனபோதும் கொட்டுகிற மழையில் குடைக்கு அடியில் என் காலைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

அன்று முழுக்க அந்தப் பாலத்தில் போவதும் வருவதுமாக இருந்தேன். சாயங்காலம் பெரிய டிராஃப்ட்ஸ்மேனிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். "சார், இந்த லைன் வீடெல்லாம் நாம போடறதில்லையா?"

"மூலத்துல இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்ப எப்படிப் போடறது? தாள்ல இருக்கறதத்தான் நாம போடுவோம். விட்டுப்போயிருந்தா இன்ன எடத்துல வீடு இருக்குன்னு எழுதிக் குடு. மேல அனுப்பி வைக்கறேன், அவங்க பாத்துப்பாங்க." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எந்தத் தோட்டம்? ஓ, உங்க எஸ்டேட்டா?"

அந்த ஒரு நொடி. 'ஆமா சார், ஆனா எஸ்டேட் எங்களது இல்ல, லைன் வீடுதான் எங்களது' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. "இல்ல சார், சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அடிப்பாவி! இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த ஞாயிறு போன் மணி அடித்தபோது நான் தயாராக இல்லை. "பாத்தியா பாப்பா?" என்றாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்களின் பேச்சுக்குரல் கேட்டது. எல்லாரும் கடைக்கே வந்து காத்திருக்கிறார்கள். "எந் தங்கச்சிதான் படம் போடறா" என்று அவள் யாரிடமோ சொல்வதும் கேட்டது. என்ன பெருமை அந்தக் குரலில்! அந்தக் குரலிடம் போய், 'நம்ம வீடே படத்தில் இல்லை, அது எங்கே இருந்தது என்றும் எனக்கு மறந்துபோச்சு' என்று எப்படிச் சொல்வேன்?

"வெளியதான்க்கா இருக்கு" என்றேன். "கோடு அந்தப் பக்கமா போயிடுது. பயப்படாத."

"நெசமா?"

"படம் போடறவ நான் சொல்றேன்ல?"

"அப்பாடா!" என்றாள். போனை வைப்பதற்குள் பின்னால் இருந்த பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே, வெளியேதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரத்தில் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

பெயர் கொடுக்கும் தேதி முடிந்து இரண்டு மாதம் கழித்து பெங்களூரில் கூட்டம் வைத்தார்கள். பட்டியல் வேண்டும் என்பவர்கள், வேண்டாம் என்பவர்கள், தோட்ட முதலாளிகள், அதிகாரிகள் என்று எல்லாரும் ஒரு பெரிய ஹாலில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. எங்கள் தாள்களின் பிரதிகளைச் சுவர் நெடுகப் பலகைகளில் மாட்ட வேண்டும். பெரிய டிராஃப்ட்ஸ்மேனும் நானும் காலையிலேயே போய் மாட்டினோம். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மலையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதலாளிகள் அழைத்து வந்த வேலையாட்கள். பட்டியல் வேண்டாம் என்று கோஷம் போடுவதற்காக.

வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஸ்வெட்டரும் தலையில் கட்டிய துண்டுமாகப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். எல்லார் கையிலும் கன்னடத்தில் எழுதிய அட்டை. தூறலுக்குள் அந்த வரிசை மெதுவாக அசைந்து வந்தது, நான் எப்போதோ கண்ட கனவு மறுபடி நடந்து வருவது போல இருந்தது. அந்த வரிசையிலிருந்து ஒரு குரல், "ஏய் பாப்பா!" என்று கத்தியது.

அக்கா. அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாவ்காரு பஸ்ஸு உட்டாரு, சாப்பாடும் போடறாரு. நமக்கென்ன, நம்ம வீடுதான் வெளியன்னு நீ சொல்லிட்டியே! உன்னப் பாத்த மாதிரியும் ஆச்சு, ஊரப் பாத்த மாதிரியும் ஆச்சுன்னு வந்துட்டேன்."

பக்கத்தில் பெரிய டிராஃப்ட்ஸ்மேன் நின்றுகொண்டிருந்தார். அவள் அட்டையையும் ரப்பர் செருப்பையும் கறைபடிந்த விரல்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க அக்கா சார்" என்றேன். "தோட்டத்துல வேலை செய்றாங்க."

"வாங்கம்மா, நனையாதீங்க. உள்ள வந்து உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். இவ்வளவுதானா? இதற்கா நான் இத்தனை வருஷம் பயந்தேன்?

அக்காவும் அவளோடு வந்த இரண்டு பெண்களும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடையில் ஒரு தலைவர் மேசையைத் தட்டிப் பேசினார். பட்டியல் வந்தால் ஏழைகள் எல்லாம் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்றார். கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மா எழுந்து, ஒருவரையும் எழுப்பப் போவதில்லை, ஏழையின் பெயரைச் சொல்லி நீங்கள்தான் மரத்தை வெட்டுகிறீர்கள் என்றார். கூச்சல். நாற்காலிகள் நகரும் சத்தம். பிறகு ஒரு அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு நிதானமாக, தாள் தாளாகப் படிக்க ஆரம்பித்தார். இந்தத் தாளில் எல்லைக்குள் இத்தனை ஊர், பெயர் கொடுத்தவர்கள் இத்தனை குடும்பம். ஒரே சுருதியில் படித்தார். மழையும் அந்தக் குரலும் சேர்ந்து எனக்குக் கண் சொருகியது.

எங்கள் தாள் வந்தது. "ஒந்து மனெயூ இல்லா" என்றார். ஒரு வீடும் இல்லை. பெயர் கொடுத்தவர்கள், யாரும் இல்லை. அடுத்த தாளுக்குப் போய்விட்டார். முன்வரிசையில் சாவ்கார் உட்கார்ந்திருந்தார். அவர் தலை அசையவே இல்லை.

கன்னடம் அக்காவுக்கு என்னைவிட நன்றாக வரும். "ஒரு வீடும் இல்லங்கறாரு?" என்று என்னிடம் திரும்பினாள். "நாமதான் வெளியாச்சே, அதனால சொல்றாரு போல." அந்த இரண்டு பெண்களும் தலையாட்டினார்கள்.

டீ குடிக்க எல்லாரும் எழுந்தபோது, "வா, நம்ம வீட்டக் காட்டு" என்று என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பலகை முன்னால் நின்றாள். எந்தத் தாள் என்று காட்டினேன். முகத்தை அருகில் கொண்டுபோனாள். படம் பார்த்துப் பழக்கமில்லாதவள், ஆனால் அந்த மண்ணை முப்பது வருஷம் மிதித்தவள். கேட்டுக் கேட்டு ஒரு நிமிஷத்தில் பிடித்துவிட்டாள். "இதான் பங்களாவா? அப்ப இது களம். இது பம்பு வீடு. இது என்ன சிலுவ?"

"வெள்ளக்காரத் துரையோட சமாதிக்கா."

"செத்தவன் இருக்கான். நாம எங்க?"

"போடலக்கா. மூலத் தாள்லயே இல்ல. அதான் போடல."

அவள் கோபப்படவில்லை. "சரி, போடலன்னா போவுது. எங்க இருக்குன்னு கையால காட்டு. இவளுங்களும் பாக்கட்டும்."

என் விரல் எழுந்தது. ஓடை வரைக்கும் போனது. எத்தனையோ மலைகளைச் சுற்றி வந்த விரல் அது. சிவப்புக் கோட்டின்மேல் வந்து நின்றுவிட்டது. இந்தப் பக்கம் வைக்கலாம். வைத்தால் பொய் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அந்த இரண்டு பெண்களும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். என்னால் முடியவில்லை.

"அக்கா, நம்ம வீடு ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்து உதடு சிரிக்கப் போனது. பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கையை எடுத்துப் படத்தின்மேல் வைத்தாள். ஓடைக்கு மேற்கே, கோட்டுக்கு உள்ளே.

"இங்க" என்றாள். "பாலத்துக்கு அந்தப் பக்கம். உன்ன நான் தெனமும் தூக்கிக்கினு தாண்டுவேனே."

நான் மேடைக்கு ஓடினேன். அந்த அதிகாரியின் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "தேதி முடிஞ்சுபோச்சேம்மா. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று மத்தியானமே பெரிய டிராஃப்ட்ஸ்மேன் என்னை உட்கார வைத்துக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினோம். அதற்கும் வரவில்லை.

மலைக்கான சண்டை அதன் பிறகும் பல வருஷம் ஓய்ந்தபாடில்லை. கோடு உள்ளே போனது, வெளியே வந்தது. அக்காவின் சண்டை அதற்கு முன்பே முடிந்துபோனது. மாமாவைப் போலவே லைனில் பலரும் வேலைக்குப் போக முடியாமல் ஆனதும் சாவ்கார் லைனையே இடித்தார். கேட்கப் போனவர்களிடம், காகிதத்திலேயே இல்லாத வீட்டுக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பீர்கள் என்றாராம். பக்கத்துத் தோட்டத்தில் பெயர் கொடுத்திருந்தவர்களுக்கு ரோட்டோரமாக மனை கிடைத்தது. பெயர் கொடுக்கலாமா என்று அக்காவைத்தான் அவர்களும் முதலில் கேட்டிருக்கிறார்கள். "எனக்குத் தெரியாதுடி, உங்க லைனு எங்கன்னு எந் தங்கச்சியத்தான் கேக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். நல்லவேளை, அவர்கள் என்னைக் கேட்கவில்லை.

பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் திசைக்கு ஒருவராகப் போனார்கள். அக்காவின் மகன் பெங்களூர் ஓரத்தில் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலைக்கு இருந்தான். அவனுடைய ஒற்றை அறையில் அவர்கள் மூன்று பேரும் இருந்தார்கள். என்னோடு வந்து இரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன், வரவில்லை. நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். சோறு போடுவாள், மகனுக்குப் பெண் பார்ப்பது பற்றிப் பேசுவாள், என் ரத்தக்கொதிப்பு மாத்திரையைச் சாப்பிட்டேனா என்று கேட்பாள். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு மத்தியானம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது என்னால் முடியாமல் அழுதுவிட்டேன். "பொய் சொல்லிட்டேன்க்கா. எங்க இருக்குன்னே தெரியாம வெளியன்னு சொல்லிட்டேன். என்ன மன்னிச்சுடுக்கா."

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முற்றின தண்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளித் தள்ளினாள்.

"பொய் சொன்னது போவட்டும்" என்றாள். "எல்லாருந்தான் சொல்றோம். அன்னிக்கு அந்த ஹால்ல எல்லார் முன்னாலயும் ஒண்ணு கேட்டியே, எந்தப் பக்கம்னு. அத போன்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே பாப்பா."